கார்னரும் ஆட்டம்தான்: பெங்களூரு வெஸ்ட் பிளாக் ப்ளூஸுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு எஃப்சியின் ரசிகர் கூட்டமான அன்புள்ள வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் மக்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து ஒரு மெரினா மச்சான், அதாவது சென்னையின் எஃப்சி ரசிகன், எழுதுகிறேன். தமிழில் எழுதினால் பெங்களூருவில் யார் படிப்பார்கள் என்று கேட்க வேண்டாம். அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிறவர்கள், பந்து கம்பத்துக்கு வெளியே போனால் எந்த மொழியில் திட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் உங்கள் ஊர்க்காரர். 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் அங்கே ஆடி வளர்ந்தவர்தான். அதனால் படிக்க ஆளில்லை என்று நழுவ முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பல வருடமாக உங்கள் பக்கத்திலிருந்து ஒரே பாட்டுதான் கேட்கிறது. பெங்களூரு கால்பந்து ஆடுகிறது, சென்னையின் எஃப்சி தட்டிவிட்டு ஓடுகிறது. உங்களுடையது பார்சிலோனா பள்ளி, எங்களுடையது குருட்டு அதிர்ஷ்டம். 2018 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை நாங்கள் உங்கள் வீட்டுக்குள் புகுந்து தூக்கிக்கொண்டு போனது. கடைசி வாக்கியத்தில் பாதி உண்மை. உங்கள் வீட்டுக்குள் புகுந்தோம், தூக்கிக்கொண்டும் போனோம். ஆனால் அதைத் திருட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அன்றைக்கு நடந்தது ஒரு சுத்தமான திட்டம்.

அந்த சீசனை முழுசாக நினைத்துப் பாருங்கள். ஐஎஸ்எல்லுக்கு நீங்கள் வந்த முதல் வருடம். 18 ஆட்டத்தில் 40 புள்ளி. இரண்டாவதாக வந்த நாங்கள் 32. எட்டுப் புள்ளி வித்தியாசம், இதை நான் மறைக்கவில்லை, லீக்கில் உங்களை விட நல்ல அணி அந்த வருடம் இல்லை. சேத்ரியும் மிக்குவும் சேர்ந்து எல்லா டிஃபன்ஸையும் கிழித்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் டிமாஸ் டெல்காடோ நிதானமாகப் பந்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், எரிக் பார்த்தாலு நடுவில் நின்றால் சுவர். ஆனால் அதே லீக்கில், 2017 டிசம்பரில், உங்கள் சொந்த மைதானமான அதே கண்டீரவாவில் உங்களை 2-1 என்று ஜெயித்தது யார்? ஜெஜெ ஆரம்பத்திலேயே ஒன்று போட்டார், சேத்ரி 85ஆவது நிமிடத்தில் சமன் செய்தார், சரி டிராதான் என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில் எங்கள் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் தலையால் முட்டி முடித்தார். அதாவது இறுதி ஆட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே உங்களுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது, எந்த உயரத்தில் வருகிறது என்பது உட்பட. பிப்ரவரியில் எங்கள் மைதானத்துக்கு வந்து 3-1 என்று பழி தீர்த்தீர்கள். அத்தோடு அந்த எச்சரிக்கை உங்களுக்கு மறந்துபோனது என்று நினைக்கிறேன்.

இப்போது 2018 மார்ச் 17. ஒன்பதாவது நிமிடம், வலது ஓரத்தில் உதாந்தா பறக்கிறார், கிராஸ், சேத்ரி பாய்ந்து தலையால் அடிக்கிறார், கண்டீரவா அதிர்கிறது. உங்கள் ஆட்டத்தின் மிக அழகான கோல்களில் அதுவும் ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிமிடம், அது எந்தப் பள்ளிக் கோல்? ஓரத்தில் ஓட்டம், ஒரு கிராஸ், ஒரு தலை. இதே கோலை நாங்கள் அடித்திருந்தால் "தட்டிவிட்டு ஓடினார்கள்" என்று எழுதியிருப்பீர்கள்.

அப்புறம் 17ஆவது நிமிடம். கிரெகரி நெல்சன் கார்னர், மெய்ல்சன் ஆல்வெஸ் தலை, 1-1. சரி, ஒரு கார்னர் தப்பலாம், யாருக்கும் தப்பும். 45ஆவது நிமிடத்தில் அதே நெல்சன், அதே மெய்ல்சன், இன்னொரு கார்னர், 2-1. நடுவில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் இருந்ததே! உலகத்திலேயே உயரமான கோல்கீப்பர்களில் ஒருவர் மாதிரி குர்பிரீத் நிற்கிறார், ஜுவானன் இருக்கிறார், ஜான் ஜான்சன் இருக்கிறார், இத்தனை பேரைத் தாண்டி ஒரே ஆள் இரண்டு முறை சுதந்திரமாக எழும்பியிருக்கிறார் என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை. ஜான் கிரெகரி என்கிற பழைய ஆங்கிலக் கோச் உட்கார்ந்து, இந்த அணியிடம் பந்துக்காகச் சண்டை போட்டால் தோற்போம், கார்னர் மாதிரி பந்து நிற்கிற இடங்களில் சண்டை போட்டால் ஜெயிப்போம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்த மூன்றாவது கோலைப் பற்றி நீங்கள் யாரும் பேசுவதே இல்லை, ஏனென்றால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கடைசியில் மிக்கு ஒன்று திருப்பினார், 3-2, விசில்.

"பந்து எங்களிடம்தான் அதிகம் இருந்தது" என்பீர்கள். இருக்கட்டும். மாவை நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருந்தால் போதுமா, தோசை வார்க்க வேண்டாமா?

இன்னும் ஒன்று சொல்கிறேன், இது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். சரியாக ஒரு வருடம் கழித்து, 2019 மார்ச் 17, மும்பையில் கோவாவுக்கு எதிராக நீங்கள் உங்கள் முதல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றீர்கள். எப்படி வென்றீர்கள்? கூடுதல் நேரம், பெனால்டி ஷூட் அவுட்டுக்குச் சில நிமிடமே பாக்கி, டிமாஸ் டெல்காடோ கார்னர், ராகுல் பேகே தலை, 1-0. எதிரே இருந்தது யார்? செர்ஜியோ லோபேராவின் கோவா, அந்தக் காலத்தில் இந்தியாவில் உண்மையாகவே பந்தைத் தன் காலில் வைத்து ஆடிய அணி, கோரோ மாதிரி ஒரு ஆள் முன்னால். அன்றைக்கு நீங்கள்தான் சென்னையின் எஃப்சி. கோவாதான் பெங்களூரு. அந்தக் கார்னரை நீங்கள் திருட்டு என்று சொல்லவில்லை, "குணம்" என்றீர்கள், "விடாமுயற்சி" என்றீர்கள். நாங்கள் மட்டும் கார்னரில் அடித்தால் குருட்டு அதிர்ஷ்டம், நீங்கள் அடித்தால் தத்துவமா?

உண்மையில் கார்லஸ் குவாட்ரட்டின் அந்த அணியை நான் ரசித்துப் பார்த்தேன், இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் அடிப்பார்கள். ஆனால் நான் ரசித்தது நீங்கள் பெருமை பேசுகிற காரணத்துக்காக இல்லை. பார்சிலோனாவில் வளர்ந்த கோச் என்ற பெயர்தான், களத்தில் அந்த அணி ரொம்பக் கறாரான, கொஞ்சம் கஞ்சத்தனமான அணி. பின்னால் கதவைச் சாத்திக்கொள்வது, டிமாஸின் கால் போகிற இடத்துக்கு ஜுவானனும் பேகேவும் ஏறிப் போவது, ஒரு கோல் கிடைத்தால் ஆட்டத்தைப் பூட்டிவிடுவது. அவருக்கு முந்தைய கோச் ஆல்பர்ட் ரோகாவின் காலம் கொஞ்சம் வேறு, அது நிஜமாகவே பந்தைச் சுற்றவிட்ட அணி. 2016இல் இந்தியாவிலிருந்து முதல் அணியாக, ஆசியக் கிளப்புகள் மோதுகிற ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போய் தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0-1 என்று தோற்றீர்களே, அந்தப் பயணத்தில் ஜோகூர் அணியை வீழ்த்திய அரையிறுதியை நானே உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தேன். அதற்கும் முன்னால் ஆஷ்லி வெஸ்ட்வுட் காலம் என்ன? உடல் பலம், ஓட்டம், நேராக முன்னால். 2013இல் பிறந்த கிளப், முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம், அது குட்டிக் குட்டிப் பாஸாகச் சுற்றவிடுகிற டிக்கி டாக்காவால் கிடைத்ததா? உங்கள் அஸ்திவாரமே நீங்கள் இப்போது எங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற அதே ஆட்டம்தான்.

சைமன் கிரேசனை எங்கே சேர்ப்பீர்கள் என்றும் தெரியவில்லை. லீட்ஸ் பக்கத்து ஆங்கிலேயர். அவர் வந்து 2022இல் டுராண்ட் கோப்பை கொடுத்தார், 2023இல் ஐஎஸ்எல் இறுதி ஆட்டம் வரை கூட்டிப் போனார், அது பெனால்டியில் மோகன் பகானிடம் போனது. அந்த டுராண்ட் இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் யார் அடித்தது? சிவசக்தி நாராயணன். சிவகங்கை மாவட்டம், காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன், ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். டிஃபன்ஸுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் ஓடுகிற அந்த ஓட்டம் இருக்கிறதே, அது எங்கள் ஆட்டம். எங்கள் மாநிலப் பையனை எடுத்து, எங்கள் ஆட்டத்தை ஆடவிட்டு, கோப்பை வாங்கிக்கொண்டு, அப்புறம் எங்களுக்கே பாடம் எடுத்தால் எப்படி? (அந்தப் பையனைச் சென்னை ஏன் முதலில் பிடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். அது எங்கள் வீட்டுச் சண்டை, நாங்கள் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.)

2023 மார்ச் 3 நினைவிருக்கிறதா? பிளே ஆஃப், கூடுதல் நேரம், கேரளா பிளாஸ்டர்ஸ் இன்னும் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார், கோல், அவர்கள் கோச் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே கூட்டிப் போய்விட்டார். அன்றைக்கு ஊர் முழுக்க உங்களைத் திட்டியபோது நான் உங்கள் பக்கம் நின்றேன். விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றால் அடிக்கலாம், எதிராளி தூங்கினால் அது அவன் பாடு. கேட்கிறேன், தூங்கின கேரளா டிஃபன்ஸ் கேரளாவின் தப்பு என்றால், தூங்கின பெங்களூரு டிஃபன்ஸ் யார் தப்பு?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சென்னையின் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. இருக்கிறது, ஆனால் எப்போதும் இருப்பதில்லை.

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது நீங்கள் இந்த லீக்கிலேயே இல்லை. மாத்தராஸி கோச்சாக இருந்த எங்கள் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. ஒருவரும் நம்பவில்லை. அப்புறம் ஏதோ ஒன்று சுழன்றது, வரிசையாக வெற்றி. டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் மூழ்கியது, எங்கள் வீட்டு அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். இறுதி ஆட்டம் கோவாவின் ஃபடோர்டாவில், கோவாவுக்கு எதிராகவே. 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் கோவா 2-1 என்று முன்னால் போனது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு அவர் கோலுக்குள்ளேயே ஒன்று, இரண்டு நிமிடத்தில் ஸ்டீவன் மென்டோசா இன்னொன்று, 3-2. அந்த சீசனில் மென்டோசா 13 கோல். பந்து காலுக்கு வந்ததும் தலை நிமிராமல் நேராக கோலைப் பார்த்து ஓடுவார், பக்கத்தில் இருப்பவன் கத்திக்கொண்டே ஓட வேண்டியதுதான். அழகில்லை என்பீர்கள். நான் இன்றைக்கும் அந்தக் கடைசிச் சில நிமிடத்தைப் போட்டுப் பார்க்கிறேன், ஒரு கட்டத்தில் நாற்காலியில் உட்கார முடிவதில்லை.

2019-20இலும் அதே ரத்தம்தான். கோச் ஜான் கிரெகரி போன பிறகு ஓவன் கோயில் வந்தார், பட்டியலின் கீழ்ப் பாதியில் கிடந்த அணியை வேகம் கூட்டி நாலாவது இடத்துக்கு ஏற்றினார், கிரிவெல்லாரோ திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தள்ளுவார், வால்ஸ்கிஸ் 15 கோல். கோவாவுடன் அரையிறுதி இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. பைத்தியக்காரத்தனமான கால்பந்து! இறுதியில் காலி மைதானத்தில் கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். அடுத்த சீசனுக்கே கோச்சும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள்.

நாங்கள் தடுமாறியதெல்லாம் இந்த வேகத்தை விட்டபோதுதான். 2018-19இல் சாம்பியன் என்ற மரியாதையில் எதிரணிகள் எல்லாம் பின்னால் போய் உட்கார்ந்து, "பந்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எங்களிடம் கொடுத்தன. கையில் பந்தைக் கொடுத்தால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசி இடம். ஆனால் பாருங்கள், கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி 2019 பிப்ரவரியில் சென்னையில் யாரை 2-1 என்று அடித்தது? பட்டம் வெல்லப் போகிற உங்களை. ஐஎஸ்எல்லில் கோலுக்குத் தவித்துக்கொண்டிருந்த ஜெஜெ ஒன்று, நெல்சன் ஒன்று. ஏனென்றால் நீங்கள் மட்டும்தான் எங்களைப் பார்த்துப் பின்னால் போக மாட்டோம் என்றீர்கள், மேலே ஏறி வந்தீர்கள், பின்னால் இடம் விட்டீர்கள். எங்களுக்கு அந்த இடம் போதும். இந்த இரண்டு அணியும் மோதினால் ஆட்டம் சூடாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், பகை எல்லாம் அப்புறம்.

2020-21 பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டேன்: 20 ஆட்டம், 11 டிரா. போதும்.

உங்களிடம் பொறாமைப்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் பாஸிங் இல்லை. நீங்கள் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். சேத்ரியும் 2013இல் வந்தவர், பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நகரவே மாட்டேன் என்கிறார். நடுவில் ஒன்றிரண்டு வருடம் அங்கே இங்கே போய் வந்தாலும் கிளப்பின் முகம் அவர்தான். எங்களிடம் அனிருத் தாப்பா வளர்ந்தார், மோகன் பகானுக்குப் போனார். சாங்டே வந்தார், மும்பைக்குப் போனபிறகுதான் நாடே அவரைக் கொண்டாடியது. ஒரு அணியின் ஆட்டம் என்பது கோச்சின் பலகையில் மட்டும் இருப்பதில்லை, நாலைந்து வருடம் சேர்ந்து ஆடிய ஆட்கள் ஒருவர் ஓடும் திசை இன்னொருவருக்குப் பார்க்காமலே தெரிகிறதே, அங்கேதான் இருக்கிறது. ரஃபேலும் மெய்ல்சனும் எங்கள் இரண்டு கோப்பையிலும் இருந்தார்கள், அது தற்செயல் இல்லை. எங்கள் நிர்வாகத்துக்கு இதை வேறு மடலில் எழுதுகிறேன், இது உங்களுக்கானது.

ஆக, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வைக்கிங் கைதட்டலைத் தொடருங்கள், நன்றாகவே இருக்கிறது. எங்களைக் கலாய்ப்பதையும் தொடருங்கள், 2024 டிசம்பரில் எங்கள் மைதானத்துக்கே வந்து 4-2 என்று அடித்தபோது நீங்கள் கத்தியதை எல்லாம் நியாயமாக வாங்கிக்கொண்டோம். ஆனால் "நாங்கள் அழகு, நீங்கள் அசிங்கம்" என்பதை மட்டும் விடுங்கள். அழகு என்று நீங்கள் சொல்வது முக்கால்வாசி ஒரே ஒரு ஆளின் தலை. 2025 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக, இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமனில் நின்றபோது, கூடுதல் நிமிடத்தில் நாம்கியால் பூட்டியா கிராஸ் போட, 40 வயதில் சேத்ரி எழும்பி அடித்தாரே ஒரு ஹெட்டர், அதைப் பார்த்து நானும் வீட்டில் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் சென்னை ஜெயித்துவிட்டது என்று நினைத்துக் கேட்க வந்துவிட்டார். அந்த சீசனில் அவர் 14 கோல். இளைஞர்கள் இத்தனை பேர் இருக்கிற நாட்டில்!

அவர் ஒருநாள் பூட்ஸைக் கழற்றுவார். அன்றைக்கு உதாந்தா மாதிரி ஒரு பையன் ஓரத்தில் பறந்து வந்து கிராஸ் போடுவான், இரண்டாவது கம்பத்துக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு யாரை வைத்திருக்கிறீர்கள்? பெயர் சொல்லுங்கள், அப்புறம் பாணியைப் பற்றிப் பேசலாம். இன்னொரு தமிழ்நாட்டுப் பையன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப் பாதைக்கு அந்தப் பக்கம் நின்று, பந்து எங்கே இருக்கிறது என்றே பாதி நேரம் தெரியாமல் கத்துகிற ஒருவன்